கழுகுக்கு ஆசைப்பட்டுச் சிட்டை மறந்த கதை

மாதனூர், ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் புதிதாகச் சேருகிற பிள்ளையிடம் முதல் நாளே விலை உயர்ந்த தோலைக் கொடுத்து "வெட்டு" என்று யாரும் சொல்வதில்லை. முதலில் கழிவுத் துண்டுதான். அதில் வெட்டிப் பழக வேண்டும், தையல் ஓட்டிப் பழக வேண்டும். கை நின்ற பிறகுதான் அசல் தோல். கழிவுத் துண்டு கெட்டால் போகிறது. நல்ல தோல் கெட்டால் நஷ்டம் முதலாளிக்கு, திட்டு சூப்பர்வைசருக்கு, வேலை போவது அந்தப் பிள்ளைக்கு!

பழகுவதற்கென்று ஒரு மலிவான, மன்னிக்கிற பொருள் வேண்டும். இது தோலுக்கு மட்டுமான விதி இல்லை. ஆகாயத்துக்கும் இதே விதிதான். என்ன, அங்கே தப்பு செய்தால் போவது தோல் இல்லை, உயிர்.

அந்த மலிவான, மன்னிக்கிற பொருளுக்குப் பெயர் பயிற்சி விமானம். முன்னால் ஒரு இருக்கை, பின்னால் ஒரு இருக்கை. ஒன்றில் வாத்தியார், ஒன்றில் மாணவர். இருவர் கையிலும் கட்டுப்பாடு இருக்கும். மாணவர் தடுமாறினால் வாத்தியார் பிடித்துக்கொள்வார். போர் விமானத்தைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் உண்டு. இந்தச் சின்ன விமானத்தைப் பற்றிப் பேச யாருமில்லை. ஒரு நாட்டின் விமானத் தொழில் எழுவதும் விழுவதும் இந்தச் சின்ன விமானத்தில்தான் என்பதற்கு ஒரு ஜெர்மன்காரரின் வாழ்க்கையே சாட்சி. அவர் நம்ப முடியாத ஒரு இடத்துக்கு வந்து பாடம் நடத்தியவர். சென்னை குரோம்பேட்டைக்கு!

ஒரு சிட்டின் கதை

அவர் பெயர் குர்ட் டாங்க். 1898-ல் பிறந்தவர். பொறியாளர் மட்டுமல்ல, தான் வரைந்த விமானத்தைத் தானே ஓட்டிப் பார்க்கும் விமானியும் கூட. 1931-ல் ஃபோக்கே-வுல்ஃப் என்ற கம்பெனியில் சேர்ந்தார். 1932-ல் அங்கிருந்து எஃப்.டபிள்யூ. 44 என்ற பயிற்சி விமானம் பறந்தது. அதற்கு வைத்த செல்லப் பெயர் ஷ்டீக்லிட்ஸ். ஜெர்மன் மொழியில் அது ஒரு சின்னப் பாடும் பறவையின் பெயர். சிட்டு மாதிரி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்கவும் சிட்டுதான். மேலே ஒரு இறக்கை, கீழே ஒரு இறக்கை. இரண்டும் மரச்சட்டம், அதன் மேல் துணி. உடல் இரும்புக் குழாய்களை ஒட்டவைத்துச் செய்த கூடு. மூக்கில் ஏழு சிலிண்டர் சீமென்ஸ் என்ஜின், சுமார் 150 குதிரைத்திறன். கூரை கிடையாது, வாத்தியாரும் மாணவரும் காற்றில் தலையை நீட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். அதிகபட்ச வேகமே மணிக்கு 185 கிலோமீட்டர் அளவு.

முதலில் செய்த மாதிரியில் குறைகள் இருந்தன. டாங்க் திரும்பத் திரும்பப் பறந்து பார்த்துத் திருத்தினார். திருத்திய பிறகு அது பழகுபவர்களுக்கு ஏற்ற விமானமாகவும் ஆனது, வானத்தில் குட்டிக்கரணம் போடுகிற சாகச விமானமாகவும் ஆனது. ஸ்வீடன், ஆஸ்திரியா, பிரேசில், அர்ஜென்டினா என்று பல நாடுகள் உரிமம் வாங்கித் தங்கள் ஊரிலேயே செய்தன.

இப்போது ஆண்டுகளைக் கவனியுங்கள். 1932-ல் சிட்டு. 1937-ல் அதே மனிதர் நான்கு என்ஜின் கொண்ட காண்டோர் பயணிகள் விமானத்தைப் பறக்கவிட்டார். 1939-ல் எஃப்.டபிள்யூ. 190 போர் விமானம். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டு விமானிகளைக் கலங்கடித்த விமானம் அது. இருபதாயிரத்துக்கும் மேல் தயாரானது. துணியும் மரமும் கட்டிய சிட்டிலிருந்து அந்தக் கழுகு வரைக்கும் ஏழே ஆண்டுகள்!

இதற்குப் பின்னால் ஒரு பெரிய கணக்கும் இருந்தது. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி விமானப்படையே வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1919 வெர்சாய் ஒப்பந்தம் கட்டிப்போட்டது. ஆனால் கிளைடர் ஓட்டுவதையோ பறக்கும் கிளப்பையோ யாரும் பெரிதாக நினைக்கவில்லை. அந்தச் சின்ன விமானங்களில்தான் ஒரு தலைமுறையே பறக்கப் பழகியது. பிறகு ஹிட்லர் வந்து விமானப்படையை வெளிப்படையாக அறிவித்தபோது ஓட்ட ஆளும் தயார், செய்யக் கம்பெனியும் தயார். அந்தத் திறமை போய்ச் சேர்ந்த இடம் பாவத்தின் இடம். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் திறமை எங்கே விளைந்தது என்ற பாடத்தை மட்டும் ஒதுக்கிவிட முடியாது.

குரோம்பேட்டைக்கு வந்த டாங்க்

போர் முடிந்தது. ஜெர்மனியில் விமானம் செய்யத் தடை. டாங்க் தன் குழுவோடு அர்ஜென்டினாவின் கோர்டோபா நகரத்துக்குப் போனார். வேடிக்கை என்னவென்றால், அவர் போவதற்குச் சுமார் பத்தாண்டுகளுக்கு முன்பே அவருடைய சிட்டு அந்த ஊர்த் தொழிற்சாலையில் தயாராகிக்கொண்டிருந்தது. வாத்தியாருக்கு முன்னால் பாடப் புத்தகம் போய்ச் சேர்ந்துவிட்டது!

1955-ல் அங்கே பெரோன் ஆட்சி கவிழ்ந்தது. அடுத்த ஆண்டு டாங்க் இந்தியா வந்தார். குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. இருக்கிறதே, சி. ராஜம் என்ற தொழிலதிபர் தன் மாளிகையை விற்று 1949-ல் தொடங்கிய கல்லூரி, அங்கே பாடம் நடத்தினார். அப்போது அங்கே விமானப் பொறியியல் படித்தவர் ராமேஸ்வரத்துப் பையன் அப்துல் கலாம். தன் 'அக்னிச் சிறகுகள்' நூலில் கலாம் டாங்க்கைப் பற்றிக் குறிப்பிட்டிருக்கிறார். அந்தக் கல்லூரியில் பார்வைக்கு வைத்திருந்த இரண்டு பழைய விமானங்கள்தான் தன்னை இழுத்தன என்றும் சொல்லியிருக்கிறார். பறக்காத விமானம்கூட ஒரு மாணவனுக்கு என்ன செய்யும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

பிறகு டாங்க் பெங்களூருக்குப் போனார். இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில், அதாவது இன்றைய எச்.ஏ.எல்.-இல், இந்தியாவுக்கென்று ஒரு போர் விமானம் வரைவதற்கு. ஒலியை விட வேகமாகப் பறக்க வேண்டும் என்பது நாட்டின் ஆசை. எச்.எஃப். 24 மாருத் பிறந்தது இப்படித்தான்.

அதற்கு முன்பே ஒரு சிட்டு இருந்தது

இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம். டாங்க் வருவதற்கு முன்பே இந்தியாவிடம் சொந்தமாக ஒரு சிட்டு இருந்தது. அதன் பெயர் எச்.டி. 2. வரைந்தவர் டாக்டர் வி.எம். காட்கே. அவரும் ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் லுட்விக் பிராண்டல் என்ற மேதையிடம் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். காற்றோட்டவியலின் தந்தை என்று சொல்லப்படுபவர் பிராண்டல்.

எச்.டி. 2 பறந்தது 1951 ஆகஸ்டில். சுதந்திரம் கிடைத்து நான்கே ஆண்டுகள். என்ஜின் மட்டும் இங்கிலாந்துடையது, வடிவமைப்பு முழுக்க இந்தியாவுடையது. முன்னும் பின்னும் இரண்டு இருக்கை. சுமார் 170 விமானங்கள் தயாராயின. கானா நாட்டுக்குப் பன்னிரண்டு விற்றார்கள். அதாவது ஏற்றுமதி! விமானப்படையில் 1990 வரைக்கும் ஓடியது.

இதற்கும் முன்னால் போனால், வால்சந்த் ஹிராசந்த் 1940-ல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை 1941-ல் முதன்முதலாகப் பறக்கவிட்டதே ஹார்லோ என்ற அமெரிக்கப் பயிற்சி விமானத்தைத்தான், இங்கே பாகங்களைப் பூட்டி. ஆக, இந்திய விமானத் தொழில் சரியான படியில்தான் காலை வைத்தது. பிறகு 1958-ல் புஷ்பக் என்ற இரண்டு இருக்கை விமானம் பறக்கும் கிளப்புகளுக்காக வந்தது. அமெரிக்க விமானம் ஒன்றைத் தழுவியது, ஏறத்தாழ 150 செய்தார்கள். 1964-ல் கிரண் ஜெட் பயிற்சி விமானம்.

இத்தனையும் இருந்தும் எங்கே சறுக்கியது?

கழுகுக்கு நேர்ந்தது

மாருத் 1961 ஜூனில் பறந்தது. ஆசியாவில் அன்றைக்கு அது சாதாரணச் சாதனை இல்லை. 147 விமானங்கள் தயாராயின. 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் நினைத்த என்ஜின் கிடைக்கவில்லை. டாங்க் வரைந்த உடலுக்கு ஏற்ற சக்தி வாய்ந்த என்ஜினை வெளிநாட்டில் எதிர்பார்த்தார்கள், கிடைத்தது அதைவிடச் சிறியது. ஒலியை விட வேகமாகப் பறப்பதற்குப் பிறந்த விமானம் நேர்ப் பறப்பில் அந்த வேகத்தைத் தொடவே இல்லை. 1967-ல் டாங்க் ஊர் திரும்பினார். 1990-ல் மாருத் ஓய்வு பெற்றது. அதன் வாரிசு என்று ஒரு விமானம் வரவில்லை.

இன்னொரு ஆண்டுக் கணக்கு. மாருத் போர் விமானம் பறந்தது 1961-ல். அதை ஓட்டக் கற்றுத்தருவதற்கான இரட்டை இருக்கை மாருத் பறந்தது 1970-ல்! ஒன்பது ஆண்டுகள் கழித்து. ஒரு நாடு எதை முதலில் நினைத்தது, எதைக் கடைசியில் நினைத்தது என்பதை இந்த இரண்டு தேதிகளே சொல்லிவிடும்.

எச்.டி. 2-வுக்கு அடுத்து வந்த என்ஜின் விசிறிப் பயிற்சி விமானம் எச்.பி.டி. 32 தீபக். அது பறந்தது 1977-ல். விமானப்படைக்கு வந்தது 1980களில். எச்.டி. 2 பறந்து இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு! அதற்குள் வரைந்த கைகள் எல்லாம் ஓய்வு பெற்றிருக்கும். வந்த விமானமும் நல்ல பெயர் எடுக்கவில்லை. நடுவானில் என்ஜின் நின்றுபோகும் கோளாறு அதைத் துரத்திக்கொண்டே இருந்தது. 17 விபத்துகள். 19 விமானிகள் பலி. 2009-ல் நடந்த விபத்துக்குப் பிறகு மொத்தத்தையும் தரையில் நிறுத்திவிட்டார்கள்.

19 பேர். போரில் இல்லை. பழகுகிற விமானத்தில். கழிவுத் துண்டில் தையல் பழகும்போது ஊசி உயிரை எடுத்த மாதிரி.

அதன் பிறகு 2012-ல் சுவிட்சர்லாந்திலிருந்து 75 பிலாட்டஸ் விமானங்களை ஏறத்தாழ 2,900 கோடி ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். 1951-ல் சொந்தமாகச் செய்து கானாவுக்கு ஏற்றுமதி செய்யத் தெரிந்த ஒரு பொருளை, அறுபது ஆண்டு கழித்து இறக்குமதி செய்யும் நிலை. வணிகவியல் படிக்கிற யாருக்கும் இந்த வரவு செலவு கசக்கும்.

தோல் சந்தை சொல்லும் பாடம்

மாதனூர் வட்டாரத்தின் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து டேனரிகள் பாதி பதப்படுத்திய தோலைக் கப்பலேற்றின. வெளிநாட்டுக்காரர்கள் அதை வாங்கி ஷூவும் பையுமாக்கிப் பல மடங்கு விலைக்கு விற்றார்கள். 1972-ல் சீதாராமையா குழு பரிந்துரை செய்தது. அதன் பிறகு பாதி பதப்படுத்திய தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு போட்டது. அன்றைக்கு முதலாளிகளுக்கு அது கஷ்டம்தான். ஆனால் வட்டாரம் படிப்படியாக ஏறியது. முழுதாகப் பதப்படுத்திய தோல், பிறகு ஷூவின் அப்பர், பிறகு முழு ஷூ. இன்று பல்லாயிரம் பெண்கள் காலையில் கம்பெனி பஸ் ஏறிப் போவது அந்தப் படிகளில் ஏறியதால்தான். (அதற்காகப் பாலாறு கொடுத்த விலை வேறு கதை, அதையும் மறக்கக் கூடாது.)

கவனிக்க வேண்டியது ஒன்று. இங்கே யாரும் முதல் படியை விட்டுவிட்டு மேலே தாவவில்லை. ஷூ செய்யத் தொடங்கிய பிறகும் டேனரி நின்றுவிடவில்லை. கீழ்ப் படி உறுதியாக இருந்தால்தான் மேல் படி நிற்கும் என்பது தொழில் செய்பவர்களுக்குத் தெரியும்.

விமானத் தொழிலில் நடந்தது வேறு. மேல் படிக்குப் போனதும் கீழ்ப் படியைக் கவனிக்கவில்லை. பயிற்சி விமானம் செய்வது கௌரவக் குறைவு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் உண்மையில் விமானம் வரையும் கலையைக் கற்றுக்கொள்ளும் இடமும் அதுதான். விமானிக்கு மட்டுமில்லை, பொறியாளருக்கும் அது பயிற்சி விமானம்! சின்ன விமானம் என்றால் செலவு குறைவு, நேரம் குறைவு, தப்பு செய்தால் திருத்த வாய்ப்பு அதிகம். ஐந்தாண்டுக்கு ஒன்று என்று புதிது புதிதாக வரைந்துகொண்டே இருந்தால் ஒரு தலைமுறை கற்றதை அடுத்த தலைமுறைக்குச் சொல்லிவிட்டுப் போகும். இருபத்தாறு ஆண்டு இடைவெளி விட்டால் யார் யாருக்குச் சொல்வது?

எதிர்க்கேள்விகள்

"வெளிநாட்டில் நல்ல விமானம் கிடைக்கும்போது வாங்கினால் என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2012-ல் பிலாட்டஸ் வாங்கியது சரியான முடிவுதான். தேசப்பற்றைக் காட்டுவதற்காக இருபது வயதுப் பிள்ளைகளை ஆபத்தான விமானத்தில் ஏற்ற முடியாது. ஆனால் அந்த நிலைமை வரும்வரை விட்டது யார் தப்பு என்பதுதான் கேள்வி.

"1962-ல் சீனா, 1965-ல் பாகிஸ்தான் என்று போர் வந்தபோது போர் விமானம்தானே அவசரம்?" அதுவும் சரி. மாருத் செய்ததே தப்பு என்று யாரும் சொல்லவில்லை. கழுகு வளர்க்கும் வீட்டில் சிட்டுக்கும் கொஞ்சம் தானியம் போட்டிருக்கலாம் என்பதுதான் வாதம். கழுகுக்கு ஆகும் செலவில் சிட்டின் செலவு எம்மாத்திரம்?

"சின்ன விமானத்துக்குச் சந்தை எங்கே?" என்பது மூன்றாவது கேள்வி. அமெரிக்கர்களின் செஸ்னா 172 என்ற சின்ன விமானம் 1950களிலிருந்து இன்றுவரை 44,000-க்கும் மேல் விற்றிருக்கிறது. உலகத்திலேயே அதிகம் தயாரான விமானம் அதுதான். போயிங்கும் இல்லை, ஏர்பஸ்ஸும் இல்லை. இந்தியாவில் 2023-ல் மட்டும் ஏர் இந்தியா 470, இண்டிகோ 500 என்று பெரிய விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தன. அத்தனைக்கும் விமானிகள் வேண்டும். வணிக விமானி உரிமம் வாங்க ஒவ்வொருவரும் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த 200 மணி நேரமும் பறப்பது ஏதோ ஒரு சின்ன விமானத்தில்தான். அது கிடைக்காமல், கட்டுப்படியாகாமல், வீட்டை அடமானம் வைத்து வெளிநாட்டுக்குப் போய்ப் பழகி வருகிறவர்கள் எத்தனை பேர்! சந்தை கண்ணெதிரே இருக்கிறது. கடைதான் திறக்கவில்லை.

இப்போதாவது

நம்பிக்கை தரும் செய்திகளும் உண்டு. பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகம் ஹன்சா என்ற இரண்டு இருக்கைப் பயிற்சி விமானத்தை 1993-லேயே பறக்கவிட்டது. 2000-ல் சான்றிதழும் கிடைத்தது. ஆனால் அதன் பிறகு செய்தது பத்துச் சொச்சம்தான். அதன் புது வடிவம் 2021-ல் பறந்தது, தயாரிப்பைத் தனியாரிடம் கொடுக்க 2025-ல் ஒப்பந்தம் ஆனது. எச்.ஏ.எல். சொந்தமாக வரைந்த எச்.டி.டி. 40 பயிற்சி விமானம் 2016-ல் பறந்தது. 70 விமானங்களுக்கு 6,800 கோடிக்கு மேல் 2023-ல் ஆர்டர் கிடைத்தது. என்ஜின் மட்டும் இந்த முறை அமெரிக்காவிலிருந்து. 1951-ல் இருந்த அதே பலவீனம்!

இந்த முறை ஆர்டர் முடிந்ததும் வரைபட மேசையை மூடிவிடக் கூடாது. அடுத்ததை உடனே தொடங்க வேண்டும். சின்ன விமானத்துக்கான என்ஜினையும் இங்கேயே செய்து பழக வேண்டும். ஹன்சா பத்துப் பதினைந்தோடு நிற்காமல் நூற்றுக்கணக்கில் வர வேண்டும். அவை இறங்கச் சின்ன ஓடுதளங்களும் வேண்டும்.

ஓடுதளம் என்றதும் ஒன்று நினைவுக்கு வர வேண்டும். மாதனூரிலிருந்து வேலூர் போகிற வழியில், சாலையில் அரை மணி நேரத்துக்கும் கொஞ்சம் கூடுதலான தூரத்தில், அப்துல்லாபுரத்தில் ஒரு பழைய விமானத் தளம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தது. 2000களில் சில ஆண்டுகள் சென்னை பறக்கும் கிளப்பின் மாணவர்கள் அங்கே பழகினார்கள். பிறகு அது நின்றது. அந்த ஊருக்குப் பயணிகள் விமானம் எப்போது வரும் என்றுதான் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்களே தவிர, பயிற்சி விமானம் ஏன் நின்றது என்று கேட்டவர்கள் குறைவு. இங்கேயும் அதே கழுகு ஆசை!

ராமேஸ்வரத்துப் பையன் ஒருவனுக்கு ஓடாத இரண்டு பழைய விமானங்களைப் பார்த்ததே போதுமானதாக இருந்தது. பேர்ணாம்பட்டிலோ மாதனூரிலோ ஷூ கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் ஒரு அம்மாவின் மகளுக்கு, தலைக்கு மேல் தினமும் வட்டமடிக்கும் ஒரு சின்ன விமானம் என்னவெல்லாம் செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். அது இந்த நாட்டில் வரைந்த விமானமாகவும் இருந்தால்?

கழுகு வேண்டும்தான். ஆனால் டாங்க்குக்கே முதலில் ஒரு சிட்டு தேவைப்பட்டது.